உறவினர் கையெழுத்து

படிவத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது. நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான் காலி. அதற்குத்தான் புருஷன் சம்மந்தம் பிடிகொடுக்கவில்லை.

நல்லவாட்டுக் கண்ணகி பாகூர் சந்தையில் மீன் விற்பவள். மீன் தலையைக்கூட வீணாகப் போகவிடமாட்டாள். செத்தபிறகு தன் உடம்பு மட்டும் எதற்கு வீணாகப் போகவேண்டும் என்று, சுகாதார நிலையத்து நர்ஸ் விஜயராணியிடம் உறுப்பு தானப் படிவம் வாங்கி வந்திருந்தாள்.

"கண்ணக் குடுத்துட்டு மேல போயி இன்னாத்த பாப்ப?" என்றான் புருஷன்.

சரியென்று கண் என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்தாள். இதயத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. அதையும் அடித்தாள். ஈரல், சிறுநீரகம் என்று பேரம் இறங்கி இறங்கி, கடைசியில் தோல்தான் மிஞ்சியது. அதற்கும் அவன் மசியவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான்.

கண்ணகி விடுகிற ஆளா? புதுப் படிவம் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். பனித்திட்டிலிருக்கும் தம்பி அரசுக்கு, வந்து கையெழுத்துப் போடும்படி போன் செய்தாள். படகு எஞ்சின் இரைச்சலில் அவன் காதில் விழுந்தது 'கிட்னி', 'செத்தப்புறம்', 'சீக்கிரம் வா' மூன்றும்தான்.

ஒரு மணி நேரத்தில் வேன் நிறைய உறவு வந்து இறங்கியது. சித்தி வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். கண்ணகிக்குக் கிட்னி போய்விட்டது என்றார்கள் வந்தவர்கள். இல்லை, விற்கப் போகிறாள் என்றது தெரு. விளக்கிச் சொல்லட்டும் என்று அவள் விஜயராணியை வரவழைத்தாள். நர்ஸையே பார்த்துவிட்டதில், இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்து, அழுகை இரட்டிப்பானது.

விஷயம் கேள்விப்பட்டுக் கரையிலிருந்து ஓடிவந்த சம்மந்தம், அவள் நன்றாக நிற்பதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் மூச்சுவிட்டான்.

கண்ணகிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு நல்ல காரியத்துக்குக் கையெழுத்து போட மனசு வரல. எல்லாம் இந்த ஆளால வந்த கூத்து," என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

சம்மந்தம் விஜயராணியிடம் பேனா வாங்கி, அந்தக் கட்டத்தில் மெல்லப் பெயரை எழுதினான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விஜயராணி படிவத்தை மடித்தபடி தணிந்த குரலில் சொன்னாள்:

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. நாலு வருஷத்துக்கு முன்னாடியே தன்னுது அத்தனையும் எழுதிக் குடுத்தவரு அவரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு, அவங்க அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கியாந்தாரு."