அத்தையைப் பற்றி ஒரு நல்ல விஷயம்

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் பட்டாணி, சின்னவன் எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் உரிமை ஞாயிற்றுக்கிழமையோடு எனக்குப் போய்விட்டதா என்று தெரியவில்லை. அதனால் அத்தானின் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. முழுப் பொறுப்பும் பட்டாணியின் டீச்சருடையது. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும், தன் பெயரைச் சொல்ல வேண்டும், வந்தவரை வீட்டில் இருப்பவருக்கு அறிமுகப்படுத்த வேண்டும், அவரைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டுமாம். அங்கேதான் சிக்கலே. மீட்டர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "அம்மா, இவர் மீட்டர் மாமா. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவார்" என்றாள். அந்த மனுஷன் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அடுத்து என்னைக் காட்டி, "இவர் எங்க அப்பா. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தர்றார். தூங்கும்போது யாரையும் திட்டமாட்டார்" என்றாள். அவர் அவசர அவசரமாக மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நிலைமையில் மூன்று வருஷம் கழித்து நீ வருகிறாய் என்றதும் நான் முதலில் பட்டாணியைத்தான் பார்த்தேன். பழசை நான் கிளறப் போவதில்லை. அன்று எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில், கற்றுக்கொள்ள வந்த நீ ஸ்டியரிங்கில், சொல்லித் தரும் நான் பக்கத்தில். சிக்னல் சிவப்பு. நீ போனாய். என் காலடியில் இருக்கும் பிரேக்கை அழுத்தி, பின்னால் இரண்டு மாணவர்கள் இருக்கும்போதே, "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கத்தினேன். கத்தியது தப்பு. ஆனால் சிக்னல் சிவப்பு. நீ "பச்சைடா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, சாவியை உருவிக்கொண்டு இறங்கிப் போனாய். நடுச்சந்தியில் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருக்க, நாங்கள் மூன்று பேரும் வண்டியைத் தள்ளினோம். மறுபடி சொல்கிறேன், கிளறவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தோம். பட்டாணி பிசகவில்லை. நீங்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். "வணக்கம் அத்தை. வணக்கம் மாமா. என் பேரு பட்டாணி." நீ சிரித்தாய். தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் சின்னவன் பக்கம் திரும்பி, "தம்பி, இவங்க நம்ம அத்தை. இவங்க..." என்று நின்றுவிட்டாள். உன் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்த அவன்கூட நிமிர்ந்து பார்த்தான். அவள் யோசித்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, அத்தையப் பத்தி நல்லது நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே?"

அக்கா, அந்த ஒரு நிமிஷம்! என் கால் தானாகவே தரையை அழுத்தியது. வீட்டுத் தரையில் பிரேக் இல்லை. என் மனைவி ஏந்திய தட்டோடு அப்படியே நின்றாள். அத்தான் சட்டைப் பொத்தானைத் திருகினார். நீ என்னையே பார்த்தாய். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, காத்திருந்தாய். அதுதான் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "அத்தை... ஹாரன் நல்லா அடிப்பாங்க" என்று வந்தது.

நீ கைப்பையை எடுத்துக்கொண்டாய். பட்டாணி வாசல்வரை வந்து, "உங்களச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்" என்றாள். அதுவும் டீச்சர் வேலைதான்.

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. ஒன்றாம் வகுப்பில் எனக்கு முதல் நாள். டீச்சர் பெயர் கேட்கிறார், எனக்கு நாக்கு எழவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த நாலாம் வகுப்பிலிருந்து நீ யாரையும் கேட்காமல் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் என் தம்பி டீச்சர். விசில் நல்லா அடிப்பான்" என்றாய். எனக்கு அப்போது விசில் அடிக்கவே தெரியாது. சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று, பள்ளி விட்டு வரும் வழியெல்லாம் எச்சில் தெறிக்கச் சொல்லிக்கொடுத்தாய். வீடு வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது. நீ ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை.

இதைப் பட்டாணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவள் திணறமாட்டாள். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக மட்டும் நினைத்துவிடாதே. சிக்னல் சிவப்பு, அதில் மாற்றமில்லை. அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு உன் ஆசி என்றும் வேண்டும்.

உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பட்டாணி முழுக்கப் படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "எல்லாம் உண்மையாப்பா?" என்றாள். அக்கா, அன்று நான் சிக்னலையே பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் என் நரைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைதான்.