பீடம் வரைக்கும் மெதுவாக

வரதராஜன்பேட்டை,
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்.

அன்புள்ள மச்சான் கிளமெண்ட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்கா லீலா மேரி, மகள் சகாய பிரியா, என் முழங்கால் உட்பட எல்லோரும் சுகம். குரும்பலூரில் நீயும் பிள்ளைகளும் சுகமா? போனில் பேசினால் பிரியா காதில் விழும் என்பதால் கடிதம். என் முழங்கால் சுகமாக இருப்பதுதான் இப்போது பிரச்சினை.

நிற்க. எனக்கு நிற்கத் தெரியும், வேகமாக நடக்கத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது தெரியாது.

மார்ச் மாதம் கல்யாணம் என்று மாப்பிள்ளை குவைத்தில் லீவு வாங்கியதும், தவக்காலத்தில் கல்யாணமா என்று பங்குத் தந்தை கையெடுத்துக் கும்பிட்டதும், லீவை மாற்றி அடுத்த மாதத்துக்குத் தள்ளியதும் உனக்குத் தெரியும். மார்ச் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அது வேறு வேஷத்தில் வந்தது. இப்போதெல்லாம் அப்பாதான் மகளைக் கைபிடித்துக் கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட்டிப்போக வேண்டுமாம், கீபோர்டில் வெட்டிங் மார்ச் வாசிப்பார்களாம். பிரியாவுக்கு அதில் கொள்ளை ஆசை.

வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மார்ச் பாஸ்ட் பழக்கிய கால் இது. ஒத்திகையில் கீபோர்டு தொடங்கியதும் கை தன்னால் தோள் உயரத்துக்குப் போய்விட்டது. பீடத்துக்கு முன்னால் டக்கென்று நின்று ஃபாதருக்கு சல்யூட் வைத்தேன். பக்கத்தில் மகளைக் காணோம். பாதிக் கோவிலில் சேலை தடுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சரி, மெதுநடை பழகலாம் என்று, பஸ் கேட்டு ஜெயங்கொண்டத்தில் நடந்த பேரணியில் சேர்ந்தேன். வரிசை ஒரே கோணல். மனசு கேட்கவில்லை. விசிலை எடுத்து, மூன்று மூன்று பேராக நிறுத்தி, லெஃப்ட் ரைட் போட்டுவிட்டேன். தலைமை தாங்க வேண்டிய சின்னதுரையின் கார் வருவதற்குள் பேரணி முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு போட்டோகூட எடுக்க வுடாம பண்ணிட்டீங்களே சார்" என்றார் பாவம். பெரிய வெள்ளி சிலுவைப் பாதையிலாவது திருந்தலாம் என்று பார்த்தால், நான் மூன்றாம் ஸ்தலத்தில் தனியாக நிற்கிறேன், ஊர் முழுக்க முதல் ஸ்தலத்தில் முழந்தாளிட்டிருக்கிறது.

"புள்ள தடுக்கி வுழுந்தா ஆளாளுக்கு வீடியோ எடுப்பாங்க. தம்பியே கூட்டிட்டுப் போவட்டும்" என்று உன் அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நியாயம்தான். தாய்மாமன் நீ, எதற்கும் அவசரப்படாதவன், உன் கல்யாணத்துக்கே கடைசியாக வந்தவன். பிரியாவைக் கைபிடித்துக் கூட்டிப்போ. நான் முதல் பெஞ்சில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ நடக்கிற வழியெல்லாம் மாதா துணையிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
சின்னப்பராஜ்,
உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. பசை எடுத்துவர உள்ளே போன நேரத்தில் பிரியா கடிதத்தைப் படித்துவிட்டாள். லீலாவின் பட்டுச்சேலையைச் சுற்றி, ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க மெதுவா வர வேணாம்ப்பா. மொதல்ல எந்தக் காலு, அத மட்டும் சொல்லுங்க."

இடது கால் என்றேன். கையைக் கோத்துக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஓர் அடி பிசகவில்லை. நீ பின்னால் வந்தால் போதும். வரிசை கோணாமல் வா.