டைம் அவுட் தேவதாஸ்

எதையும் விடாமல் சொல்லித் தீர்க்கும் பயிற்சியாளர் என்று ஓர் இனம் உண்டு. நம் புதுச்சேரியில் அந்த இனத்துக்கு உப்பளம் பக்கம் ஒரு மைதானம், கழுத்தில் விசில், பெயர் தேவதாஸ். சாயங்காலமானால் பாஸ்கெட்பால் ஆடும் பெண்பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா சொல்லப்போறேன்" என்பார். பிள்ளைகள் உடனே உட்கார்ந்துவிடுவார்கள். அனுபவம்!

முழங்காலை மடக்கு, கையை உயர்த்து, பந்தையே பார்க்காதே, பந்திலிருந்து கண்ணை எடுக்காதே, வேகமாக ஓடு, அவசரப்படாதே, ராத்திரி பரோட்டா தின்னாதே, ஷூ கயிறு ஏன் இப்படித் தொங்குது என்று அவர் பொழிந்து முடிப்பதற்குள் கொசுக்கள் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கும். இதில் எதை விடுவது, நீங்களே சொல்லுங்கள்? தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டால்? அந்தப் பயத்திலேயே மனுஷனுக்குத் தூக்கம் வராது.

வினை ஒரு போட்டியின் அரையிறுதியில் வந்தது. அதில் தோற்றால் மைதானத்தில் சாயங்கால நேரம் முழுக்க ஷட்டில் ஆடும் பெரியவர்களுக்கு என்று, மைதானத்தை நடத்தும் கிளப்பில் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆட வேறு இடம் கிடையாது. பாதி ஆட்டத்தில் நம் அணி நன்றாகவே பின்தங்கியிருந்தது. பூர்ணிமா முழங்காலை மடக்கியவள் நிமிரவே இல்லை. சந்திரகலா வேகமாக ஓடிக்கொண்டே அவசரப்படாமலும் இருக்கப் பார்த்தாள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போதெல்லாம் எதிரணிதான் எடுத்தது. நம் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் தேவதாஸ் மூச்சை இழுத்துப் பிடித்தபோது, கேப்டன் நூரீன் முந்திக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க சொல்றது எல்லாம் கரெக்ட்டுதான். இப்ப எத மட்டும் செஞ்சா ஜெயிப்போம்? அத மட்டும் சொல்லுங்க."

தேவதாஸ் தன் பட்டியலை மனசுக்குள் புரட்டினார். அட, தெரியவில்லையே! எது முக்கியம் என்று தெரியாததை மறைக்கத்தான் இத்தனை நாளும் எல்லாவற்றையும் கொட்டினோமா? ஊருக்கெல்லாம் விசில் ஊதுகிறோம், நம் வாய்க்கு ஊத ஆளில்லாமல் போச்சே என்று தன்னையே நொந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. முதல் பாதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்; திரும்பிய பந்தெல்லாம் எதிரணிக்குத்தான் போயிருந்தது.

"பந்து வளையத்துல பட்டுத் திரும்புச்சின்னா, எதிராளிய முதுகுக்குப் பின்னால நிறுத்திட்டு நீ எடு. அவ்ளோதாம்மா."

மீதி அறிவுரை பெரிய மார்க்கெட் வாசல் ஆட்டோக்கள் மாதிரி தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பலித்தது! திரும்பிய பந்தெல்லாம் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஆட்டத்தை நிறுத்திப் பேசிக்கொள்ளும் கடைசி டைம் அவுட்டில் ஒரு புள்ளி முன்னிலை. தேவதாஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணுல மட்டும் கவனம் வெச்சா எவ்ளோ நன்மை! மொதல் நன்மை இன்னான்னா..."

நூரீன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் திணித்தாள். "எப்பிடி வேர்க்குது பாருங்க. குடிங்க சார்."

குடித்தார். பாட்டில் தீர்ந்தபோது டைம் அவுட்டும் தீர்ந்திருந்தது. எதிரணி எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. பூர்ணிமா எதிராளியை முதுகால் தடுத்து, எம்பிப் பிடித்து, விசில் ஊதும்வரை அதை விடவே இல்லை. மைதானம் தப்பித்தது.

அன்று வீட்டில், ஒன்றை மட்டும் சொல்வதன் பயன்களை மனைவி சுலோசனாவுக்கு அவர் விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் இரண்டாவது பயனிலேயே தூங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, பேனா எடுத்தியா, பதறாதே, நேரத்தைப் பார், அழகா எழுது, தலையைச் சரியா வாரு என்று அடுக்குகிறீர்களே, பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறதா? ரொம்பவும் மகிழ்ந்துவிடாதீர்கள். நூரீனும் அந்த அரையிறுதிவரை தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள்.