பாட்டுக்காரருக்கு நான் கட்டிய மாலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் இந்தக் கொப்பியில் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவுக்கு வருகிறது. (இருந்தா என்ன, தூரத்திலேருந்தும் வாசிக்கலாம்.)

பாட்டுக் கச்சேரி என்றால் எனக்குப் பைத்தியம். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது இரத்தினபுரி மைதானத்தில் சிங்களப் பாட்டு நிகழ்ச்சிக்குப் போனேன். அந்த மேளத்துக்கு அவள் உள்ளே உதைத்த தாளம் இன்றைக்கும் அவள் நடையில் இருக்கிறது. இன்னொரு தடவை மழை கொட்டிக் கூட்டமே ஓடிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் ஒரே சாக்கைத் தலையில் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நின்றோம். இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எல்லாரும் கேட்பது அந்த ஒரு கச்சேரியைத்தான்.

அப்போது என் மகன் சிவா தோட்டத்துக் கோயில் கமிட்டிக்குத் தலைவராக இருந்தான். திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பாட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தான். அப்படி ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"மாலை நீங்கதான் போடணும் அம்மா. வந்தவரு மனசு கோணாமப் போகணும். இல்லாட்டி நான் தோட்டத்துல தல காட்ட முடியாது" என்றான்.

மருமகள் ராணி டவுனில் மாலை வாங்கலாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் நான் வளர்த்த சாமந்தி பூத்துக் குலுங்கும்போது கடை மாலையா? நானே பறித்தேன். பச்சைக்கு ஓடைக்கரைப் பெரணி இலையை நடுநடுவே வைத்துக் கட்டினேன். வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றினேன்.

"மாமி, மழ நாளு. அட்ட கிட்ட இருக்கப் போவுது. ஒரு தடவ உதறிப் பாருங்க."

"நாப்பது வருஷம் அட்டைக்கு நடுவுல நின்னவ நான். எனக்கே நீ அட்டயப் பத்திச் சொல்றியா? உதறினா பூவு கொட்டிப்போயிரும்."

(உதறியிருக்கலாம். இப்போது சொல்கிறேன்.)

பின்னேரம் நான்கு மணிக்கு மேடை ஏறி மாலையைப் போட்டேன். நல்ல மனுஷன். வயதானவள் போட்ட மாலை என்று கழற்றாமலே பாடத் தொடங்கினார். முதல் பாட்டு முழுக்க நான் ராணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது பாட்டு தாலாட்டு மாதிரி மெதுவாகப் போனது. நடுவில் திடீரென்று அவர் குரல் மலை உச்சிக்கு ஏறியது. கூட்டம் கைதட்டியது. நான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

"பாத்தியா, மால போட்டதும் கொரலு எப்படி ஏறுது" என்றேன் ராணியிடம்.

அவள் மேடையைக் கைகாட்டினாள். அவருடைய வெள்ளைச் சட்டைக் காலரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். மழைக்கால அட்டை, எங்கிருந்து ஏறியது என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒரு மனுஷன் அட்டைக் கடியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கை சும்மா இருக்காதே. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். பாடிக்கொண்டிருந்தவரின் கழுத்தில் ஒரே பூசு. அட்டை அவர் காலிலிருந்த சப்பாத்தின் மேல் விழுந்தது.

மேளக்காரர் சிங்களப் பிள்ளை. "கூடெல்லா!" என்று அட்டையைச் சிங்களத்தில் சொல்லி அலறினார். பாட்டுக்காரர் குனிந்து அட்டையைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் நின்றார். கையிலிருந்த மைக்கை மட்டும் விடவில்லை.

"பயப்படாதீங்க தம்பி, வெறும் அட்டதான். என் மாலையிலேருந்து வந்ததுதான். மருமக உதறச் சொன்னா, நான்தான் கேக்கல" என்றேன். அவர் காதுக்கு மட்டும் சொன்னதாக நினைத்தேன். என் வாய்க்கு நேரே அவர் கை மைக். தோட்டத்தின் நான்கு டிவிசனுக்கும் கேட்டது.

சிவா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெட்டி மேல் நின்றவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மனுஷன் சிரித்து முடித்து இறங்கவே கொஞ்ச நேரம் ஆனது. கழுத்தில் சுண்ணாம்போடு மீதிக் கச்சேரியையும் பாடிக் கொடுத்தார். மகனின் தலை தப்பியது. அடுத்த வருஷமும் வந்தார், காது வரைக்கும் சால்வையைச் சுற்றிக்கொண்டு.

அன்றிலிருந்து டிவியில் யாராவது குரலை உயர்த்திப் பாடினால் சிவா என் பக்கம் திரும்புவான். "அம்மா, சுண்ணாம்பு இருக்கா?" ராணியோ சாமிக்கு வாங்கும் மாலையையும் என் கண்ணுக்கு முன்னால் மூன்று தடவை உதறுவாள், அவ்வளவுதான்.

என் பேத்தி தர்ஷினி, இந்தா நான் எழுதிய கொப்பி. முதலிலிருந்து வாசி, கேட்போம். "மருமக உதறச் சொன்னா" என்ற இடம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி வாசி. உன் அம்மா ராணி குசினியில்தான் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.