மேனேஜர் மகாத்மியம்

பட்டியலாருக்குக் குப்பென்று வியர்த்தது. திரையின் மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் மேனேஜரின் போட்டோ. அந்த ஃபைலை மேனேஜர் இந்த நிமிடம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

ஃபைலின் பெயர் 'மேனேஜர் மகாத்மியம்'. பதினோரு பக்கம். எழுதியவர் பட்டியலார்.

லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுகிறவர் அவர். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. மேனேஜர் மேல் கோபம் வரும்போதெல்லாம் நாலு வரி எழுதித் தன் கம்ப்யூட்டரில் 'பழைய கிரீஸ் டப்பா' என்ற ஃபோல்டருக்குள் போட்டுவைப்பார். கிரீஸ் டப்பாவை எவன் திறப்பான்? சனிக்கிழமை வரை எவனும் திறக்கவில்லை. அன்று கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, "இனிமே உங்க மிஷின்ல ஒண்ணும் இருக்காது சார், எல்லாம் கிளவுட்ல" என்று எல்லார் ஃபைல்களையும் வாரி ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை, கிரீஸ் டப்பா ஆபீஸுக்கே பொதுவாகிக் கிடந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு சூப்பர்வைசர் பதவிக்கு நேர்காணல். எட்டு வருஷமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்த பதவி. கேள்வி கேட்கப்போகிறவர் மேனேஜர்.

அழித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பட்டியலார் யோசித்தார். 'மேனேஜர்' என்று வரும் இடத்திலெல்லாம் 'மாமனார்' என்று மாற்றும்படி ஒரே அழுத்தாக அழுத்தினார். நூற்று நாற்பது இடத்தில் மாறியது. கையோடு, குடும்ப விஷயம் என்று நம்பவைக்க, ஃபைலைத் தன் சொந்தக் கணக்கோடும் இணைத்தார். மகளின் பள்ளிக்கூடப் போட்டோக்களுக்காகத் திறந்த கணக்கு அது. அதில் எது புதிதாக வந்தாலும் மனைவியின் போனிலும் வரும் என்பதை மனிதர் மறந்துவிட்டார்.

ஐந்தே நிமிடத்தில் போன் அடித்தது.

"எங்கப்பா குறட்டை விடுறாரா?"

"அது வந்தும்மா..."

"சரி, விடுவாரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. லிப்ட்ல ஏறப் பயந்துக்கிட்டு நாலு மாடி படியேறி வந்து, கேட்டா உடற்பயிற்சின்னு புளுகுறாரா? எங்கப்பாவா?"

"ஐயோ, அது மாமா இல்ல, மேனேஜர்!"

"நல்லா இருக்கே கதை."

"சத்தியமா! பழசை எடுத்துக் காட்டுறேன், இரு."

பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினார். மாமனார் மறைந்து மேனேஜர் வந்தார். மனைவி, "மனுஷனைச் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சிரித்தபடி போனை வைத்தாள். ஆனால் ஃபைல் திருத்தப்பட்ட செய்தி கம்பெனியின் இருபத்திரண்டு பேருக்கும் மெயிலாகப் பறந்துவிட்டது. மெக்கானிக்குகள் அங்கங்கே வேலையைப் போட்டுவிட்டுப் படித்தார்கள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒருவர், "அண்ணே, பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால நிப்பாரே, அதை விட்டுட்டீங்களே" என்று குறிப்பு வேறு எழுதினார்.

மேனேஜரின் வட்டம் இப்போது பதினோராம் பக்கத்துக்கு வந்திருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? காலில் விழுந்துவிடுவது என்று பட்டியலார் முடிவு செய்தார். நாலு மணிக்குப் போனபோது வரவேற்பறைப் பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள போங்கண்ணே" என்றாள்.

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். பட்டியலார் உட்காரவில்லை.

"சார், அந்த ஃபைலுக்காக என்னை மன்னிச்சிடுங்க."

"எந்த ஃபைல்?"

ஆசாமி எலியைப் பிடித்த பூனை போல விளையாடுகிறார் என்று பட்டியலார் நினைத்தார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க சார். உங்களைப் பத்தி நான் எழுதினது."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அதை உங்க வாயால கேக்கணும். ஒண்ணு விடாம சொல்லுங்க."

பட்டியலார் சொன்னார். படியேறுவதைச் சொன்னார். மீட்டிங் என்று கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடுவதைச் சொன்னார். மெக்கானிக் எழுதிய பூனையைக்கூட நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். மேனேஜரின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"நீங்க போகலாம்."

பட்டியலார் வெளியே வந்தார். பதவி கோவிந்தா. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டதில் மனசு லேசாக இருந்தது. வரவேற்பறைப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவரை அருகில் அழைத்தாள்.

"ஏண்ணே இப்படிப் பயப்படுறீங்க? அவருக்கு இன்னும் பாஸ்வேர்டு போடவே தெரியாது. அவர் பேர்ல காலையிலேருந்து உக்காந்து சிரிச்சு சிரிச்சுப் படிச்சது நான்தான், செத்தாலும் அவர்கிட்ட மூச்சு விடமாட்டேன்!"