ஒரு வீடு வலப்பக்கம்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அரசு அலுவலகம் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சொந்தக்காரரான வீட்டுவசதி வாரியம்தான் அது. அம்மா, "வீடெல்லாம் வசதியா இருக்கா?" என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இனிமேல் தப்பிக்க மாட்டேன். நீங்களும் அப்பாவும் முழுவதையும் தெரிந்துகொண்டு பெருமைப்பட வேண்டும்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில் வாரியம் இஷ்டத்துக்கு ஆடிவிட முடியாது. சட்டசபையில் அதற்கென்றே ஒரு கண்காணிப்புக் குழு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் குழு வாரியத் தலைவரை எழுப்பி நிறுத்தி, "தீர்க்காத புகார் எத்தனை?" என்று கடுமையாகக் கேட்கும். "ஒன்றுகூட இல்லை" என்று அவர் பணிவாகச் சொல்வார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். அப்புறம் டீ வரும்.

அக்கா, மாமா, குழந்தை, நான் நால்வரும் இருப்பது கடைசி மாடியில், ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டில். அறையின் கூரை ஒழுகும். ஈரம் ஊறி ஊறிக் கம்பி வெளியே தெரிந்தது. ஒருநாள் காரை பெயர்ந்து குழந்தையின் தலையணை மேலேயே விழுந்தது. குழந்தை அப்போது அக்கா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்ததால்தான் இதை உங்களிடம் சொல்லவே முடிகிறது.

அன்றைக்கே வாரியத்தில் புகார் கொடுத்துவிட்டேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பொழைக்க வந்த இடத்துல இருக்கற இடம் தெரியாம இருக்கணும். விசா புதுப்பிக்கிற நேரம் பாத்து உனக்குக் கூரை கேக்குதா?"

"அவனுக்கு ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுக்குத்தான் கேக்குது," என்றாள் அக்கா.

வாரிய அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். அறைக்குள் குடையை விரித்துக்கொண்டு நின்று, குடையை லேசாகச் சாய்த்துக் கூரையைப் பார்த்தார்.

"ரொம்ப மோசமா இருக்கே," என்றார்.

"ஆமா சார். சரி பண்ணிடுவீங்களா?"

"எதை? புகாரையா, கூரையையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "கூரை வேற பிரிவு தம்பி. என்னோடது புகார் பிரிவு. என் வேலையை நான் பாக்கி வைக்க மாட்டேன்."

அதன் பிறகு அவர் விளக்கிய நடைமுறையைக் கேட்டு எனக்குக் கை கூப்பத் தோன்றியது. புகார் என்பது வீட்டுக்குச் சொந்தமானது அல்ல. அந்த வீட்டில் குடியிருக்கும் ஆளுக்குச் சொந்தமானது. ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டால் புகார் தானாகவே "தீர்ந்துவிடும்". புதிதாகக் குடிவந்தவர் உடனே புகார் கொடுக்கவும் முடியாது. அவருக்கென்று ஒரு "பழகு காலம்" உண்டு. அதனால் குழு கூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒவ்வொரு மாடியிலும் எல்லாரும் ஒரு வீடு தள்ளிப் போய்விட வேண்டும்.

"சாமான் செட்டோட எல்லாரும் ஒரு வீடு வலப்பக்கம் நகர்ந்துடுங்க. கடைசி வீட்டுக்காரங்க சுத்திக்கிட்டு முதல் வீட்டுக்கு வந்துடணும்."

"அப்ப கூரை சார்?"

"கூரை எதுக்கு நகரணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுநாளே மாடி முழுக்க நகர்ந்தது. எங்களுக்கு வலப்பக்கம் இருந்த, டாக்சி ஓட்டும் அண்ணனின் வீட்டுக்கு நாங்கள் போனோம். எங்கள் கட்டிலை உள்ளே தள்ள உதவிக்கொண்டே அவர் எனக்கு வீட்டை அறிமுகப்படுத்தினார்.

"கதவை இழுத்துச் சாத்தாதப்பா, கையோட வந்துடும். தண்ணிக்குக் கவலையே இல்ல. எந்நேரமும் வரும். நிறுத்தத்தான் முடியாது."

"நீங்க போற வீடு எப்படிண்ணே?"

"அங்க தண்ணியே வராது. இங்க கேட்ட சத்தத்துக்கு அதுவே நிம்மதிப்பா."

எங்கள் பழைய வீட்டுக்கு இடப்பக்கத்து நர்ஸ் அக்கா வந்தார். தனி ஆள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

"அக்கா, கட்டிலை மட்டும் ரூம்ல போட்டுடாதீங்க," என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "பின்ன எங்க போடறது? அடுப்பு மேலயா? போப்பா, நான் ஹெல்மெட் போட்டுக்கிட்டே தூங்கிக்கறேன்."

இப்படியாக, ஒரு சட்டி சிமெண்டு செலவில்லாமல் அத்தனை புகாரும் தீர்ந்தன. எந்தக் கொத்தனாராலும் முடியாத வேலை இது.

குழுவுக்கு முன்னால் "மனநிறைவு பெற்ற குடியிருப்பாளர்" ஒருவரை நிறுத்துவது வழக்கமாம். அதிகாரி என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"நான் எதுக்கு சார்? எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னாலே உதறும்."

"அதனாலதான் தம்பி. பயப்படறவங்க சுருக்கமா பேசுவாங்க. 'என் வீட்டுக் கூரை ஒழுகவில்லை.' அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காந்துடு."

மாமா தன் நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். "அவர் சொன்னதை மட்டும் சொல்லு. சொந்தமா எதையும் யோசிச்சுத் தொலைக்காத."

சபை மண்டபத்துக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் கூரையைத்தான் முதலில் பார்த்தேன். பூ வேலைப்பாட்டோடு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. நீள மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் இருந்தார்கள். நடுவில் குழுத் தலைவியான அம்மையார். மைக் என் வாய்க்கு நேராக வந்தது.

"உங்க வீட்டுக் கூரை ஒழுகுதா தம்பி?"

"இல்லைங்க மேடம். என் வீட்டுக் கூரை ஒழுகல."

மேசைகள் தட்டப்பட்டன. வாரியத் தலைவர் தலையை லேசாகத் தாழ்த்திக்கொண்டார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது.

"நான் முன்னாடி இருந்த வீட்டுக் கூரைதாங்க ஒழுகுது. இப்ப அதுக்குக் கீழ நர்ஸ் அக்கா தூங்கறாங்க. பகல்லதாங்க தூங்குவாங்க. அதாவது இந்நேரம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அம்மா புகார் குடுத்திருக்காங்களா?"

"குடுக்க முடியாதுங்க. இன்னும் பழகு காலம் முடியல."

"எதுக்குப் பழகணும்?"

"ஒழுகறதுக்குங்க."

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, இது வெட்கக்கேடு என்றும் தனக்குப் பேசக் கூடுதல் நேரம் வேண்டும் என்றும் சொன்னார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், குழு விசாரிக்க வேண்டியது புகாரைத்தான், கூரை வரம்புக்குள் வராது என்றார். வரம்பு பற்றி நல்ல விவாதம் நடந்தது. தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கூரை விழுந்து ஒரு உயிர் போனா யார் பொறுப்பு?"

வாரியத் தலைவர் எழுந்தார். "நானே பொறுப்பு மேடம். ஆபத்தை இன்னைக்கே அகற்றிடுவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயந்தாங்கொள்ளி ஒருவன் உளறினான், ஒரு சபை அதைக் காதில் வாங்கியது, ஒரு வாரியம் அசைந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

வாரியம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நர்ஸ் அக்கா தூக்கக் கலக்கத்தோடு தலையணையைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றார். எங்கள் பழைய வீட்டுக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் அதிகாரி.

"ஆபத்தை அகற்றிட்டீங்களா சார்?"

"ஆள் இருந்தாத்தானே ஆபத்து? ஆளை எடுத்துட்டோம். இவங்க இனிமே நீங்க இருக்கற வீட்டுக்கு வர்றாங்க."

"அப்ப நாங்க?"

"குழு முன்னாடி 'நான் இருந்த வீடு' அப்படின்னு நீதானே சொன்ன? பதிவாயிடுச்சு. அதனால உங்களுக்கு உரிய வீடு அதுதான்." பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "அந்த வீட்டை மூடிட்டோமே தம்பி."

மாமா தன் சட்டையைத் திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான்.

அந்த வாரமே கூரை விழுந்தது, கம்பியோடு. உள்ளே யாரும் இல்லை. வாரியத்தின் "உயிர்காக்கும் முன்யோசனையை"ப் பாராட்டக் குழு தனியாக ஒரு கூட்டம் போட்டது.

அம்மா, பதறாதீர்கள். நர்ஸ் அக்கா வேலைக்குப் போனதும் அக்காவும் குழந்தையும் அவருடைய கட்டிலில் படுத்துக்கொள்கிறார்கள். பகலில் அவர் வந்து தூங்க வேண்டுமே, அப்போது மட்டும் வெளியே வந்துவிடுவார்கள். மாமாவும் நானும் மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கிறோம். ஏறுகிறவர்களுக்குக் கால் மடக்கி வழி விட்டால் போதும்.

இருந்தாலும் மனசு கேட்காமல் அதிகாரியிடம் ஒரு தடவை போனேன்.

"ஒரு புகார் குடுக்கணும் சார்."

"எந்த வீட்டைப் பத்தி?"

"வீடே இல்லங்கறதைப் பத்தி."

"வீடு இல்லாதவங்க எங்க குடியிருப்பாளர் கிடையாதே தம்பி. குடியிருப்பாளர் இல்லாதவங்ககிட்ட நாங்க எப்படிப் புகார் வாங்கறது?"

நியாயம்தான். பாராட்டுக் கூட்டத்தில் வாரியத் தலைவரும் இதைத்தான் புள்ளிவிவரத்தோடு எடுத்துச் சொன்னார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, வீடு இல்லாத ஒருவரிடமிருந்துகூட வீட்டைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லையாம். நாட்டில் எல்லாரையும் படிப்படியாக அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் வாரியத்தின் அடுத்த திட்டமாம்.