நான் கிறுக்கவில்லை, திருத்தினேன்

சின்ன காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜெயப்ரியாவுக்கு,

அத்தை ரேணுகாம்பாள் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நலம். கல்யாண அலைச்சலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

உன் கல்யாணப் பத்திரிகைகளில் நான் கிறுக்கிவிட்டதாக உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தவறு. நான் கிறுக்கவில்லை, திருத்தினேன். அதுவும் ஸ்கேல் வைத்து.

நம் தெருவில் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய ஐம்பது பத்திரிகைகளைப் பிரித்ததும் பதறிப்போனேன். நீ வரைந்த பெண்ணின் தலைக்கும் கழுத்துக்கும் சம்பந்தமே இல்லை, மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் மூக்குக்கு ஒரே பக்கம், புடவை ஓரிடத்தில் இருக்க அதன் சிவப்பு அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. பார்டர் நிறம் ஓர் இழை உள்ளே போனாலே புடவையைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. அச்சகத்துக்காரன் குடித்திருக்கிறான் என்று உனக்குப் போன் செய்தால், "அத்தை, அது மிஸ்டேக் இல்ல, ஸ்டைல். ஃபிஃப்டீஸ் கார்ட்டூன்லாம் இப்டித்தான், கை போன போக்குல வரைவாங்க" என்கிறாய். அந்த ஐம்பதுகளில் நான் கான்வென்டில் இருந்தேன், ஜெயப்ரியா. நிறம் கோட்டைத் தாண்டினால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். ஆகவே கறுப்பு மை, காம்பஸ், இரண்டு நாள். கழுத்தை இணைத்தேன். கண்களைப் பிரித்து வைத்தேன். பெண்ணின் பக்கத்தில் குடை பிடித்து, மூன்றே கோடாக இருந்த ஒரு கிழவிக்குக் காது, தாடை, முதுகெலும்பு எல்லாம் கொடுத்தேன்.

முதல் பத்திரிகை எதிர்வீட்டு அம்சாவுக்கு. அவள் ஏனாத்தூரில் மகள் வீட்டில் திருத்தாததை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். "இன்னாம்மா இது? அதுல பொண்ணு குதிச்சிக்கினு வந்துச்சி, இதுல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்குது. மாப்பிள்ள வேற மேளக்காரர மொறைக்கிறாரு" என்றாள். அடுத்து ஷேர் ஆட்டோ தாவீது. "அந்தக் கொடை புடிச்சவங்க நீங்கதானேமா? ஐயம்பேட்டைல ஒங்க தம்பி குடுத்த பத்திரிகைல பாத்ததுமே தெரிஞ்சிச்சி, அப்டியே நீங்க நடக்கறா மாரி. இதுல யாரு, ஆதாருக்கு போட்டோ எடுக்க வந்தவங்களா?"

அது நான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முகூர்த்தத்தில் உன் பக்கத்தில் நிற்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தாயே, அதை நீயே ரத்து செய்துவிட்டாயாம். "அத்தை மேடைக்கு வேணாம்பா, என் கழுத்தையும் புடிச்சி நேராக்கிடும்" என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். உன் மாமா போனபின் எந்தக் கல்யாணத்திலும் என்னை மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. நீதான் கூப்பிட்டாய். அதற்காகக் கோணல் கோட்டை நேர்கோடு என்று சொல்ல மாட்டேன்.

நிமிர்ந்த முதுகோடு நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தை

பி.கு.: ஐம்பதாவது பத்திரிகையைத் திருத்தவில்லை. அந்தக் குடைக்காரியை மூன்று கோட்டில் வரைய நேற்றிலிருந்து நாற்பது தாள் தீர்த்தாயிற்று. என்னுடையவள் எல்லாத் தாளிலும் நிற்கிறாள், உன்னுடையவள்தான் நடக்கிறாள். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், சற்றுச் சாய்வாக. ஸ்கேலை அம்சாவிடம் கொடுத்துவிட்டேன். முகூர்த்தத்தன்று நான் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கடிதமாக எழுதி அனுப்பவும்.